சோதி எங்கே இருக்கிறது?

சித்ரா பௌர்ணமி அன்று மாலை கன்னியாகுமரிக் கடற்கரையில் நிற்க இடம் கிடைக்காது. மேற்கே சூரியன் இறங்குவதையும் கிழக்கே நிலா எழும்புவதையும் ஒரே இடத்தில் நின்று பார்க்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். ஏழரை மணி ஆனதும் கூட்டம் கலைய ஆரம்பிக்கும். கொஞ்சம் பொறுத்து எட்டு மணி வாக்கில் கிழக்கே திரும்பி நில்லுங்கள். கையை முழுதாக நீட்டி விரல்களை விரித்தால் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை ஒரு சாண். நிலாவுக்கு இடப்பக்கம் அப்படி ஒன்றரைச் சாண் தள்ளி ஒரு விண்மீன் இருக்கும். பௌர்ணமி வெளிச்சத்திலும் மங்காது. பழுத்த பாக்கின் தோல் என்ன நிறமோ, ஏறக்குறைய அந்த நிறம்.

அதுதான் சோதி. பஞ்சாங்கத்தில் சுவாதி. உலகம் பரவலாக ஆர்க்டூரஸ் என்று சொல்வதும் இதைத்தான்.

குமரி மாவட்டத்தில் இந்தப் பெயரைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. ஜாதகத்தில் இருக்கிறது, வயல் வேலைக் கணக்கில் இருக்கிறது, திருவிதாங்கூரை ஆண்ட ராஜாவின் பெயரிலேயே இருக்கிறது. ஆனால் சுவாதியில் பிறந்த பத்துப் பேரைக் கூப்பிட்டு உங்கள் நட்சத்திரம் எது என்று வானத்தில் காட்டச் சொன்னால், ஒருவர் காட்டினாலே பெரிய விஷயம். பெயர் நம்மிடம் தங்கிவிட்டது, மீன் கைநழுவிப் போய்விட்டது. இரண்டையும் மறுபடி சேர்த்து வைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

சரி, பௌர்ணமி இல்லாத நாளில் எப்படிக் கண்டுபிடிப்பது? சித்திரை, வைகாசி மாதங்களில் வடக்கே பாருங்கள். சப்தரிஷி மண்டலம், சங்கப் பாட்டில் எழுமீன் என்று வருவது, அகப்பையைக் கவிழ்த்து வைத்த மாதிரி நிற்கும். அந்த அகப்பையின் காம்பு கொஞ்சம் வளைந்திருக்கும். வளைவு போகிற போக்கிலேயே கண்ணைக் கொண்டுபோனால் முதலில் வந்து நிற்கும் பெரிய வெளிச்சம் சோதி. அதே வளைவில் இன்னும் தெற்கே போனால் சித்திரை நட்சத்திரம். சித்திரை நீலம் கலந்த வெள்ளை, சோதி ஆரஞ்சு. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தால்தான் நட்சத்திரங்களுக்கு நிறம் உண்டு என்பது மனதில் பதியும். பைனாகுலர் இருந்தால் அதன் குவியத்தைக் கொஞ்சம் கலைத்துவிட்டுப் பாருங்கள். புள்ளி வட்டமாக விரியும்போது நிறம் நன்றாகத் துலங்கும்.

உதித்த புதிதில், தரையை ஒட்டி நிற்கும்போது, சோதி சிவப்பும் பச்சையுமாகத் துடிக்கும். திருவனந்தபுரத்துக்குப் போகிற விமானம் என்று நினைத்து நானே பலமுறை ஏமாந்திருக்கிறேன். அந்தத் துடிப்பு நட்சத்திரத்தில் இல்லை. நமக்கும் அதற்கும் நடுவே கிடக்கும் காற்றின் அசைவு அது.

வானத்தில் மிகப் பிரகாசமான நட்சத்திரங்களில் இதற்கு நாலாவது இடம். முதல் மூன்றும் வானத்தின் தென்பாதியைச் சேர்ந்தவை. வடபாதியில் சோதியை மிஞ்ச ஆள் இல்லை. தூரம் சுமார் 37 ஒளியாண்டு. அதாவது உங்களுக்கு இப்போது 37 வயது என்றால், நீங்கள் பிறந்த வருஷம் அங்கிருந்து கிளம்பிய வெளிச்சம்தான் இன்றைக்குக் கண்ணில் விழுகிறது. எடையில் நம் சூரியனைவிடச் சற்றுத்தான் கூடுதல். ஆனால் குறுக்களவு சூரியனைப் போல் 25 மடங்கு. எடை கிட்டத்தட்ட ஒன்று, உருவம் மட்டும் இவ்வளவு பெரிது என்றால் காரணம் முதுமை. சுமார் 700 கோடி வயதில் அதன் நடுக்கருவில் இருந்த ஹைட்ரஜன் எரிந்து தீர்ந்துவிட்டது. கருவைச் சுற்றியுள்ள அடுக்கில் எரிதல் தொடர, வெளிப்பகுதி ஊதிப் பெருத்துவிட்டது. பரப்பு விரிந்ததால் சூடு குறைந்து சுமார் 4,000 டிகிரி செல்சியஸுக்கு வந்திருக்கிறது. சூரியனின் பரப்பில் 5,500 டிகிரி. அடுப்புக் கனல் ஆற ஆற வெள்ளையிலிருந்து செம்மஞ்சளுக்கு வருவதைப் போலத்தான் இதன் நிறமும். பரப்பின் சூடு குறைந்தாலும் உடம்பு பெரிது என்பதால் மொத்தத்தில் சூரியனைப் போல் சுமார் 170 மடங்கு ஆற்றலைக் கொட்டுகிறது. இன்னும் 500 கோடி ஆண்டு கழித்து நம் சூரியனுக்கும் ஏறக்குறைய இதே கோலம்தான்.

இனி பெயர்களுக்கு வருவோம். ஒவ்வொரு ஊரும் இந்த மீனுக்கு வைத்த பெயரைப் பார்த்தால் அந்த ஊர்க்காரர்கள் வானத்தை எந்த வேலைக்கு வைத்திருந்தார்கள் என்பது தெரிகிறது.

ஆர்க்டூரஸ் கிரேக்கச் சொல். கரடிக்குக் காவல் நிற்பவன் என்று பொருள். நாம் ஏழு ரிஷிகளைப் பார்த்த இடத்தில் அவர்கள் ஒரு பெரிய கரடியைப் பார்த்தார்கள். அதன் பின்னாலேயே இந்த மீன் போவதால் காவலாளி. ஆனால் கிரேக்க விவசாயிக்கு இது அதற்கும் மேலே. சுமார் 2,700 ஆண்டுகளுக்கு முன் ஹெசியோட் என்ற கவிஞர் எழுதிய விவசாயப் பாட்டில், குளிர்காலத்தின் மிக நீண்ட இரவு கழிந்து 60 நாளில் இந்த மீன் அந்தி நேரத்தில் எழும், அதன் பின் தகைவிலான் குருவி வருவதற்குள் திராட்சைக் கொடியை வெட்டிவிடு என்று வருகிறது. பிறகு இதே மீன் விடியலில் தெரிய ஆரம்பித்தால் திராட்சைக் குலையை அறுக்க வேண்டும். எழுத்தறியாத விவசாயிக்கும் அதுவே காலண்டர்.

ஜப்பானில் இதற்கு முகிபோஷி என்று ஒரு பெயர் உண்டு. முகி என்றால் கோதுமை, பார்லி வகைத் தானியம். அங்கே ஜூன் தொடக்கத்தில் பார்லி முற்றி அறுவடைக்கு நிற்கும்போது மாலையில் இந்த மீன் உச்சியை நெருங்கியிருக்கும். சீனர்களுக்கு இது பெரிய கொம்பு. வானத்தில் அவர்கள் கண்ட நீல டிராகனோடு சேர்ந்த பெயர். அரபு நாட்டார் சித்திரையையும் சோதியையும் ஜோடியாகவே பார்த்தார்கள். இரண்டுக்கும் சிமாக் என்று பெயர். சோதி ஈட்டி ஏந்திய சிமாக், சித்திரை ஆயுதம் இல்லாத சிமாக். நம் 27 நட்சத்திர வரிசையிலும் இவை இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாப் பகுதியில் வாழ்ந்த பூராங் மக்களுக்கு இது மார்ப்பியன்குர்க் என்னும் பெண். பஞ்ச காலத்தில் மர எறும்பின் கூட்டுப்புழுக்களைத் தோண்டி எடுத்து மக்களின் பசியைத் தீர்த்தவள். வடக்கு வானத்தில் அவள் நின்றால் அந்தத் தீனி கிடைக்கும் பருவம் வருகிறது என்று பொருள். சூரியனோடு சேர்ந்து அவள் மறைந்தால் பருவம் முடிந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது ஹவாய்க்காரர்கள் வைத்த பெயர். ஹோகுலேயா, மகிழ்ச்சியின் மீன். ஏன் மகிழ்ச்சி? தென்கடலில் தாஹித்தியிலிருந்து திசைகாட்டி ஏதும் இல்லாமல் தோணியில் வடக்கே வருகிறவனுக்கு, வர வர இந்த மீன் தலைக்கு நேராக ஏறிக்கொண்டே போகும். மிகச் சரியாக உச்சந்தலைக்கு மேலே வந்துவிட்டால் ஹவாயின் நேருக்கு வந்துவிட்டோம் என்று பொருள். அப்புறம் கிழக்கோ மேற்கோ திரும்பினால் வீடு. 1976-இல் இதே பெயரைச் சூட்டிய இரட்டைத் தோணியில், மைக்ரோனேசியாவைச் சேர்ந்த மாவ் பியைலுக் வழிகாட்ட, கருவிகள் எதுவும் இல்லாமல் ஹவாயிலிருந்து தாஹித்தி வரை போய்க் காட்டினார்கள்.

இதைப் படித்த அன்று எனக்குத் தூத்தூர்தான் ஞாபகம் வந்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பகுதி மீனவர்கள் ஆழ்கடல் சுறா வேட்டைக்குப் பேர் போனவர்கள். குஜராத் கடல் வரைக்கும் போய்த் தொழில் செய்கிறவர்கள். நம் ஊர் 8 பாகை வட அட்சரேகையில் இருப்பதால் இங்கே சோதி உச்சிக்கு வருவதில்லை. உச்சியிலிருந்து 11 பாகை வடக்கே சாய்ந்துதான் கடக்கும். தேங்காய்ப்பட்டணத்திலிருந்து கிளம்பும் விசைப்படகு மேற்குக் கரையோரமாகப் போகப் போக அந்தச் சாய்வு குறையும். மும்பைக்கு நேரே, 19 பாகைக்குப் போனதும், சோதி சரியாகத் தலைக்கு மேல் வரும். ஹவாயின் பெரிய தீவும் ஏறக்குறைய அதே 19 பாகைதான். மகிழ்ச்சியின் மீன் ஹவாய்க்காரனுக்கு வீடு வந்தது என்று சொன்னால், தூத்தூர்க்காரருக்கு வீட்டிலிருந்து மும்பை தூரம் வந்தாயிற்று என்று சொல்லும். இப்போது ஜிபிஎஸ் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. பேட்டரி தீர்ந்தாலும் அந்தக் கோணம் மாறாது.

நம் மாவட்டத்தில் வேதாகமம் வாசிக்கும் குடும்பங்கள் நிறைய. அவர்களுக்கு ஒரு செய்தி. 1611-இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் யோபு 9-ஆம் அதிகாரம் 9-ஆம் வசனத்தில் ஆர்க்டூரஸ் என்ற பெயரே வருகிறது. எபிரேய மூலத்தில் இருக்கும் சொல் இந்த ஒற்றை மீனைக் குறிப்பதல்ல, வடக்கே இருக்கும் கரடிக் கூட்டத்தைக் குறிப்பது என்பதால் பிற்கால ஆங்கில மொழிபெயர்ப்புகள் பல கரடி என்றே மாற்றிக்கொண்டன. நம் தமிழ் வேதாகமத்தில் அந்த இடத்தில் இருப்பது துருவச்சக்கர நட்சத்திரங்கள். துருவத்தைச் சுற்றி வருபவை. மிருகசீரிஷமும் அறுமீனும் கூடவே வருகின்றன. வானத்தைப் பற்றிய நம் சொந்தச் சொற்களைக் கொண்டு மொழிபெயர்த்ததால் தமிழ் இந்த இடத்தில் மூலத்துக்கு நெருக்கமாக நிற்கிறது. வாசிக்கிறபோதெல்லாம் எனக்கு அதில் ஒரு சந்தோஷம்.

இனி நம் பெயர். சோதி என்று சொல்லும்போதே ஒளி என்ற பொருளும் கூடவே வந்து ஒட்டிக்கொள்கிறது. சுவாதிக்குத் தேவதை வாயு. காற்றில் நடுங்கும் இளந்தளிர் அதன் அடையாளம். நாகர்கோவிலில் நின்று பார்த்தால் சோதி உதிப்பது ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குச் சற்று வலப்பக்கம். மலைகளின் இடைவெளி வழியாகக் காற்று பாய்ந்து வரும், முப்பந்தல் காற்றாலைகள் சுழலும் அந்தப் பக்கம். வாயுவின் மீன் அங்கே எழும்புவதைப் பார்க்கும்போது பெயர் வைத்தவர்களை நினைத்து ஒரு நிமிஷம் நின்றுவிடுவேன்.

ஆனால் சுவாதிக்கு இன்னும் பழைய பெயர் ஒன்று வேத நூல்களில் இருக்கிறது. நிஷ்டியா. வெளியே இருப்பது, அந்நியம் என்று பொருள்படும். ஏன் அப்படி? நட்சத்திரம் என்பது நிலா ஒவ்வொரு இரவும் தங்கிப் போகும் வீடு என்பதுதான் கணக்கு. ரோகிணி, மகம், சித்திரை எல்லாம் நிலாவின் பாதையை ஒட்டி இருப்பவை. சில சமயம் நிலா அவற்றை மறைத்துக்கொண்டே போகும். சோதி அப்படி இல்லை. சூரியனும் நிலாவும் போகிற பாதையிலிருந்து 30 பாகைக்கு மேல் வடக்கே ஒதுங்கி நிற்கிறது. நிலா எவ்வளவுதான் வடக்கே விலகினாலும் இதற்கு 25 பாகை நெருங்கி வராது. இன்று சுவாதி என்று பஞ்சாங்கம் போட்டிருக்கும் நாளில் நிலாவுக்குப் பக்கத்தில் சுவாதியைத் தேடினால் கிடைக்காது. பலர் தேடிவிட்டு, இதெல்லாம் வெறும் கணக்கு என்று விட்டுவிடுவது இதனால்தான். பழைய வானியல் நூலான சூரிய சித்தாந்தம் சுவாதியின் இடத்தை 37 பாகை வடக்கே என்று குறித்து வைத்திருக்கிறது. ஒதுங்கி நிற்கிறது என்று தெரிந்தேதான் எடுத்திருக்கிறார்கள். பாதையின் அந்தப் பகுதியை அடையாளம் சொல்ல இவ்வளவு பிரகாசமான விளக்கு அக்கம்பக்கத்தில் இருக்கும்போது யார் விடுவார்கள்?

அந்தக் கணக்கு நம் வயலுக்குள்ளும் வந்தது. சூரியன் ஒரு நட்சத்திரத்தின் பங்கைக் கடக்கும் 13, 14 நாளுக்கு ஞாற்றுவேலை என்று பெயர். மலையாளத்தோடு பங்கிட்டுக்கொண்ட சொல். வருஷத்துக்கு 27 ஞாற்றுவேலை. சோதி ஞாற்றுவேலை ஐப்பசியில், ஏறக்குறைய அக்டோபர் 24 முதல் நவம்பர் 6 வரை. வடகிழக்குப் பருவமழை பிடிக்கும் நேரம். நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ அறுத்து முடிந்து கும்பப்பூ நெல் வேர்பிடித்துக்கொண்டிருக்கும். சோதி பெய்தால் சோற்றுக்குப் பஞ்சமில்லை என்று மலையாளத்தில் சொலவடையே உண்டு. பேச்சிப்பாறை அணையும் கால்வாய்களும் இருந்தாலும் அந்த இரண்டு வார மழைக்கு ஈடு இல்லை என்று வயல்காரர்கள் சொல்வார்கள்.

சின்ன வயதில் எங்கள் பாட்டாவோடு வயலுக்குப் போவேன். ஒரு ஐப்பசி மழை நாளில் அவர் சொன்னார்: “சோதி பொறந்தாச்சு மக்கா, இனி வெள்ளத்துக்குக் கவலப்படண்டாம்.” எங்கள் பேச்சில் வெள்ளம் என்றால் தண்ணீர்.

“சோதி எங்க இருக்கு பாட்டா?” என்று கேட்டேன்.

“இப்பம் தெரியாது. அது சூரியனுக்க கூடயில்லா இருக்கு. கார்த்திகையில வெள்ளனே எழும்பினா காட்டித் தாறேன்.”

அவர் சொன்னதன் முழு அர்த்தம் பல வருஷம் கழித்துத்தான் எனக்குப் பிடிபட்டது. கிரேக்கனுக்கும் ஜப்பானியனுக்கும் சோதி கண்ணில் தெரியும்போது வேலை. நம் கணக்கில் அது தெரியாத நேரத்தில்தான் வேலை. சூரியன் அதன் பங்கில் இருக்கும்போது மீன் பகலோடு எழுந்து பகலோடு விழும். நம் ஊரில் அக்டோபர் நடுப்பகுதி வரை மாலையில் மேற்கே தாழ்வாகத் தெரிந்துகொண்டிருக்கும், பிறகு காணாமல் போகும், நவம்பர் இரண்டாம் வாரத்தில் விடியலில் கிழக்கே திரும்பி வரும். மறைந்திருக்கும் அந்த மூன்று வாரத்துக்குள்தான் சோதி ஞாற்றுவேலை அடங்கியிருக்கிறது. நட்சத்திரத்தைப் பார்க்க முடியாத நாட்களுக்கு அதன் பெயரையே வைத்தவர்கள் மீதி நாளெல்லாம் அதை ஊன்றிப் பார்த்தவர்களாகத்தான் இருக்க முடியும். பார்த்தவர்களின் கணக்கு அச்சேறிப் பஞ்சாங்கமாகக் கையில் கிடைத்ததும் பார்க்கும் பழக்கம் போயிற்று.

இந்த மழையோடு முத்துக் கதையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுவாதி மழைத்துளி சிப்பியின் வாயில் விழுந்தால் முத்தாகும் என்பார்கள். உண்மையில் சிப்பியின் மென்சதைக்குள் புகுந்துவிட்ட அந்நியப் பொருளைச் சுற்றி அது படலம் படலமாகப் பூசிக்கொள்வதுதான் முத்து. மழைக்கு அதில் பங்கு இல்லை. ஆனாலும் குமரிக்குக் கிழக்கே கொற்கை முத்துக்குளிப்பைப் பற்றி கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். குமரியையும் பெயர் சொல்லியிருக்கிறார். முத்து விளைந்த கடலுக்குப் பக்கத்தில் வாழ்கிற நமக்கு அந்தக் கதை மேல் பாசம் இருப்பதில் ஆச்சரியமில்லை.

ராஜாவைச் சொல்லாமல் விட்டால் தெற்குத் திருவிதாங்கூர்க்காரன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. திருவிதாங்கூர் அரசர்களைப் பிறந்த நட்சத்திரத்தோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். ஆயில்யம் திருநாள், விசாகம் திருநாள், மூலம் திருநாள், சித்திரைத் திருநாள். 1813 ஏப்ரல் 16-இல் சுவாதியில் பிறந்தவர் சுவாதித் திருநாள். அவர் பாடிய கீர்த்தனைகள் எல்லோருக்கும் தெரியும். அவர்தான் 1837-இல் திருவனந்தபுரத்தில் வானியல் ஆய்வகம் அமைத்து ஜான் கால்டிகாட்டைப் பொறுப்பில் வைத்தவர் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இந்தியாவின் தென்கோடியில், நட்சத்திரத்தின் பெயரைத் தாங்கிய ஒருவர் நட்சத்திரங்களைப் பார்க்கத் தொலைநோக்கி நிறுவியிருக்கிறார். நம் பள்ளிப் பாடத்தில் இது கட்டாயம் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

நிஷ்டியா என்ற பெயரை மறுபடி எடுக்கிறேன். 1718-இல் ஆங்கில வானியலாளர் எட்மண்ட் ஹாலி பழைய கிரேக்க அட்டவணைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது சோதி தன் இடத்திலிருந்து அரைப் பாகைக்கு மேல் நகர்ந்திருந்தது. நட்சத்திரங்கள் ஆணியடித்த மாதிரி நிற்பவை அல்ல என்று உலகம் அறிந்தது சோதியும் இன்னும் ஓரிரு மீன்களும் காட்டிக்கொடுத்ததால்தான். எழுமீன் என்று சங்கப் புலவர் பாடிய நாளிலிருந்து கணக்கிட்டால் இரண்டரை முழுநிலா அகலத்துக்கு அது தள்ளிப் போயிருக்கிறது. நொடிக்கு சுமார் 120 கிலோமீட்டர் வேகம். சூரியனும் அக்கம்பக்கத்து நட்சத்திரங்களும் ஒரே வட்டத்தட்டில் ஏறக்குறைய ஒன்றாகச் சுற்றிவர, சோதி அந்த ஓட்டத்தோடு சேராமல் குறுக்கே வெட்டிப் போகிறது. இதே போக்கில் போகும் வேறு பல நட்சத்திரங்களும் உண்டு. 1971-இல் ஓலின் எக்கன் என்ற வானியலாளர் அவற்றை ஒரு கூட்டமாக இனங்கண்டார். இரும்பு போன்ற கனத்த தனிமங்கள் சூரியனைவிட இவற்றில் குறைவு. நம் பால்வீதி விழுங்கிவிட்ட ஒரு சிறு மண்டலத்தின் மிச்சமா, இங்கேயே உருவான பழைய கூட்டமா என்று வானியலாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். வேதகாலத்தவர்களுக்கு இது எதுவும் தெரியாது. நிலாவின் பாதைக்கு வெளியே நிற்பதை மட்டும் பார்த்து ‘வெளியே இருப்பது’ என்றார்கள். அந்தச் சொல் இன்றைக்கு வேறொரு அர்த்தத்திலும் பொருந்துகிறது.

பாட்டா சொன்ன வாக்கு தவறவில்லை. அந்தக் கார்த்திகையில் ஒருநாள் விடியக்காலம் அஞ்சு மணி கழிந்ததும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார். வரப்பு வழுக்கியது. வயலில் கணுக்கால் அளவு வெள்ளம், நட்ட பயிர் அப்போதுதான் பச்சை பிடித்திருந்தது. தலையில் கட்டியிருந்த தோர்த்தை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு கிழக்கே, கொஞ்சம் வடக்குச் சாய்வாகக் கை நீட்டினார். தென்னை ஓலைகளுக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் ஆரஞ்சு நிறமாக அது நின்றது. “அந்தா, வந்துட்டு” என்றார்.